போய்வாற சட்டி: அயல் உதவியைப் பாலர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி வீதியிலிருந்து கடல்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் எங்கள் முன்பள்ளி இருக்கிறது. சென்ற வருடம் 19 பிள்ளைகள். மூன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். தகப்பன்மாரில் கடற்றொழிலாளர், ஓட்டோ ஓட்டுபவர், ஹோட்டல்களில் வேலை செய்பவர், அரச உத்தியோகத்தர், வெளிநாடு போனவர் என்று எல்லாரும் உண்டு. நானும் இன்னொரு ஆசிரியையும் படிப்பிக்கிறோம். இங்கே சொல்லப்படும் சிறுவனின் தாயிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டிருக்கிறேன்.

இந்தப் பகுதி அம்மம்மாமாருக்கு அயல் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது உடுத்த துணியோடு மேட்டுப் பக்கம் ஓடியவர்கள் அவர்கள். முன்பின் தெரியாதவர்களின் விறாந்தையில் படுத்து, அவர்கள் கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்தவர்கள். இன்றைய தாய் தகப்பன்மார் அப்போது பள்ளிப் பிள்ளைகள். அவர்களுக்கும் நினைவிருக்கிறது. அவர்களின் பிள்ளைகளுக்கோ அது வீட்டில் எப்போதாவது சொல்லப்படும் கதை.

வேலியும் மாறிவிட்டது. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையில் கிடுகு வேலி. அதில் ஒரு பொட்டு இருந்தது. கறிக் கோப்பையும், இரவல் தேங்காய்துருவியும், நாங்களும் அந்தப் பொட்டு வழியாகத்தான் போய்வருவோம். பிறகு தகரம் வந்தது. இப்போது பல வீடுகளுக்கு மதில். மதில் கட்டுவதைப் பிழை என்று சொல்லவில்லை, பாதுகாப்பு வேண்டும்தானே. ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாது. தாய் வேலிக்கு மேலால் கோப்பை நீட்டுவதை அது பார்ப்பதில்லை.

நட்சத்திர அட்டவணை

செப்டெம்பர் கடைசியில் ‘எமக்கு உதவுவோர்’ என்ற தலைப்பைத் தொடங்கினோம். முன்பள்ளிகளில் வழக்கமாக வருவதுதான். தபால்காரர், பொலிஸ், டொக்டர், தாதி, கமக்காரர், மீனவர் என்று படங்களைச் சுவரில் ஒட்டினோம். இரண்டாம் நாள் ஒரு பிள்ளை எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டு, “ரீச்சர், எங்கட பக்கத்து வீட்டு மாமி எங்க?” என்று கேட்டாள். தாய் வேலைக்குப் போகும் நாட்களில் அவளைப் பார்த்துக்கொள்பவர் அந்த மாமிதான். அவர் படம் சுவரில் இல்லை.

நல்ல கேள்வி. அதற்கு நான் கண்டுபிடித்த பதில்தான் நல்லதாக அமையவில்லை. ஒரு பெரிய அட்டையில் 19 பெயரும் எழுதி, பக்கத்து வீட்டுக்கு உதவி செய்துவிட்டு வந்து சொல்லும் பிள்ளைக்கு ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் என்று அறிவித்தேன்.

முதல் வாரம் வகுப்பு கலகலப்பாக இருந்தது. இரண்டாம் வாரம் சில விடயங்கள் உறுத்தத் தொடங்கின. ஒருவன் பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுத்ததாகச் சொன்னான். அந்த வீட்டில் குழாய்த் தண்ணீர், கிணறே இல்லை. ஒரு தாய், “பிள்ளை ஸ்டார் வேணும் எண்டு அழுகிறா, அதுதான் முன்வீட்டு முத்தத்தைக் கூட்டவிட்டனான்” என்றார். முன்வீட்டு அம்மா அப்போதுதான் கூட்டி முடித்திருந்தாராம். வகுப்பில் ஒரு பிள்ளையின் கலர்ப் பென்சில் பெட்டி கவிழ்ந்தது. பக்கத்தில் இருந்தவள் குனியப் போனவள், நிமிர்ந்து என்னைப் பார்த்து, “இதுக்கு ஸ்டார் தருவீங்களா?” என்று கேட்டாள். ஒரு மாதத்துக்கு முன் அதே பிள்ளை கேட்காமலே பொறுக்கிக் கொடுத்திருப்பாள்.

இதை அறிந்தவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பீலிக்ஸ் வார்னெகன், மைக்கல் டொமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 20 மாதக் குழந்தைகள் பெரியவருக்குக் கைக்கெட்டாத பொருளை எடுத்துக் கொடுத்தபோது சிலருக்கு ஒரு பொருளைப் பரிசாகக் கொடுத்தார்கள். சிலரை வாயால் பாராட்டினார்கள். சிலருக்கு ஒன்றுமே செய்யவில்லை. பிறகு பரிசை நிறுத்தியதும், பரிசு வாங்கிப் பழகிய குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாக உதவினார்கள். பேச்சு முழுதாக வராத குழந்தைக்குக்கூட உதவும் மனம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு நாம் விலை போட்டால் அது விலையைப் பார்க்கத் தொடங்குகிறது. என் அட்டையில் நடந்ததும் அதுவே. அப்போதே அட்டையைக் கழற்றியிருக்க வேண்டும். “இந்த மாதம் முடியட்டும்” என்று விட்டேன்.

மழை நாட்கள்

திருகோணமலையில் வருடத்து மழையின் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டிவிடும். அதே மாதங்களில் வாடைக்காற்றில் கடலும் கொந்தளிக்கும். சின்ன வள்ளக்காரர்கள் பல நாள் கரையில்தான். மழையும் வருமானமில்லாத நாட்களும் ஒன்றாக வருவது கடற்றொழில் வீடுகளுக்குப் பழகிய விடயம், ஆனாலும் ஒவ்வொரு வருடமும் கடினமாகத்தான் இருக்கும்.

ஒக்டோபர் கடைசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. ஒழுங்கையின் தாழ்ந்த முனையில் இருந்த சில வீடுகளுக்குள் தண்ணீர் போனது. எங்கள் வகுப்புச் சிறுவன் ஒருவனின் வீடும் அதில் ஒன்று. தகப்பன் கடற்றொழில். குடும்பம் ஆறு இரவுகள் முன்வீட்டில் தங்கியது. ஒழுங்கையின் மேட்டு முனையில் உள்ள வீடுகள் முறைவைத்துச் சமைத்துக் கொடுத்தன. தண்ணீர் வடிந்த பின்னும் கிணறுகளை இறைத்துக் குளோரின் போடும்வரை குடிக்கும் தண்ணீருக்கு மேட்டு வீட்டுக் கிணறுதான். யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை, ஊர் தானாகச் செய்தது. நாங்கள் முன்பள்ளியைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்தோம்.

அந்தக் காலைப்பொழுது

திரும்பத் திறந்த அன்று பிள்ளைகளை வட்டமாக இருத்தி, மழைக்கு யார் யாருக்கு என்ன உதவி செய்தீர்கள் என்று கேட்டேன். நல்ல சந்தர்ப்பம் என்று நினைத்தேன்.

ஒரு சிறுமி உடனே கை தூக்கினாள். அந்தச் சிறுவனைக் காட்டி, “இவன்ட வீட்டுக்கு நாங்கதான் சோறு குடுத்தம். பாயும் குடுத்தம். இவன்ட வீட்டில ஒண்டும் இல்ல” என்றாள். குரலில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. வீட்டில் பெரியவர்கள் பேசியதைக் கேட்டபடி சொன்னாள். வேறு இரண்டு பேரும் தங்கள் வீட்டுக் கணக்கைச் சொன்னார்கள். நான் எழுந்து போய் மூன்று பேருக்கும் நட்சத்திரம் ஒட்டினேன்.

ஒட்டிவிட்டுத் திரும்பினால் அவன் வட்டத்தில் இல்லை. மேசைக்குக் கீழே இருந்தான். கூப்பிட்டேன், வரவில்லை. இடைவேளையில் கஞ்சியும் வேண்டாம் என்றான். அட்டையில் அவன் பெயருக்கு நேரே இரண்டே இரண்டு நட்சத்திரம்தான் இருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அடுத்த மூன்று நாள் அவன் வரவில்லை. நாலாம் நாள் தாய் படலையில் நின்று சொன்னார்: “வரமாட்டன் எண்டு நிக்கிறான் ரீச்சர். அவங்கட சோறு இனி வேண்டாமாம்.”

வீட்டுக்குப் போனபோது

அன்று பின்னேரம் உடன் ஆசிரியையும் நானும் அவன் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கத்தான் போனோம். கண்ணால் பார்த்தது வேறு பலதையும் சொல்லித் தந்தது.

முன்வீட்டுக் கூரையில் இறுக்கிக் கட்டிய நீலப் படங்கு இருந்தது. மழை நடுவில் ஏறிக் கட்டியவர் இந்தச் சிறுவனின் தகப்பன். மேட்டு வீட்டு அப்பம்மாவுக்குச் சீனி வருத்தம், கிளினிக் நாட்களில் கூட்டிப்போய் வருபவர் இவன் தாய். முற்றத்து முருங்கையில் பாதி ஒழுங்கையே இலை ஒடிக்கிறது. கடல் நல்லாக இருக்கும் மாதங்களில் அவர்கள் வீட்டுக் கறிமீன் போகாத வீடு பக்கத்தில் இல்லை. அதாவது, ‘ஒண்டும் இல்ல’ என்று வகுப்பில் சொல்லப்பட்ட வீடு, அந்த ஒழுங்கையின் கொடுக்கல் வாங்கலில் நடுவில் இருந்தது. நான் கேட்ட கேள்வி ஒரு கிழமைக் கணக்கை மட்டும் எடுத்து, பிள்ளைகளைக் கொடுப்பவர், வாங்குபவர் என்று இரண்டாகப் பிரித்துவிட்டது.

தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். பையனிடமும் கேட்டேன். “நான் கேட்டது பிழையடா கண்ணா” என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது முருங்கையிலை ஒரு கட்டு ஒடித்துத் தாய் தந்தார். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று மறுக்காமல் இருந்தது நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன்.

எடுத்த முடிவுகள்

நட்சத்திர அட்டையை மறுநாள் கழற்றினோம். பிள்ளைகளிடம் காரணம் சொன்னோம்: உதவிக்கு ஸ்டார் தேவையில்லை, ரீச்சர் பிழையாகப் போட்டுவிட்டேன். இரண்டு பேர் அழுதார்கள். அடுத்த நாள் யாரும் கேட்கவில்லை.

யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று வட்டத்தில் கேட்பதை நிறுத்தினோம். அதற்குப் பதிலாக, எல்லா வீடும் கொடுக்கவும் எல்லா வீடும் வாங்கவும் கூடிய ஒன்று தேவை என்று பேசிக்கொண்டோம். உடன் ஆசிரியைதான் அந்த வழக்கத்தை நினைவூட்டினார். பக்கத்து வீட்டிலிருந்து கறி வந்த பாத்திரத்தை நம் வீடுகளில் வெறுமையாகத் திருப்புவதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். பிள்ளைகள் இதைப் பார்க்க முடியாமல் போனதுதான் குறை என்றால், பார்க்க வைப்போம்.

தாய்மாரைக் கூப்பிட்டுப் பேசினோம். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஒரு தாய் சட்டென்று கேட்டார்: “பக்கத்து வீடு எண்டு பிள்ளை தனியப் போய்ப் பழகினா நாளைக்கு என்ன நடக்கும் எண்டு யாருக்குத் தெரியும் ரீச்சர்?” அந்தப் பயம் நியாயமானது. தெரிந்தவர்களாலேயே பிள்ளைகளுக்குத் தீங்கு நடப்பதை நாம் அறியாதவர்கள் அல்ல. அதனால் வளர்ந்த ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவது, படலையோடு திரும்புவது, வீட்டில் சொல்லாமல் எங்கும் போவதில்லை, யாராவது ‘அம்மாட்ட சொல்லாத’ என்றால் உடனே அம்மாவிடம் சொல்வது என்று வைத்தோம். இவற்றைப் பிள்ளைகளோடும் நடித்துப் பழக்கினோம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தையும் தாய்மாரின் கைபேசிகளில் பதியச் சொன்னோம்.

சமைத்த உணவு வேண்டாம் என்றும் தீர்மானித்தோம். சிலர் விரதம், சிலர் ஹலால் பார்ப்பார்கள், ஒரு பிள்ளைக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. வளவில் காய்த்தது, வீட்டில் இருப்பது, கடைக்குப் போய் வாங்காதது. இவ்வளவுதான் கட்டுப்பாடு.

போய்வாற சட்டி

மூடியோடு இரண்டு சின்ன அலுமினியச் சட்டிகள் எடுத்தோம். முன்பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை கொண்டுபோகும். சட்டியில் உள்ளதை எடுத்துக்கொண்டு, தங்கள் வீட்டிலிருந்து ஏதாவது போட்டு, தாயோடு சேர்ந்து அடுத்த பிள்ளையின் வீட்டுப் படலைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ‘போய்வாற சட்டி’ என்று பெயர் வைத்தது பிள்ளைகள்.

வந்தவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைத்தேன். தேசிக்காய் மூன்று. ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. பழப்புளி உருண்டை. கோழி முட்டை ஒன்று, துணியில் சுற்றி. கற்பூரவள்ளித் தண்டு, ‘இருமலுக்கு’ என்ற செய்தியோடு. கார்த்திகை விளக்கீட்டுக்கு முன்னதாக ஒரு வீட்டிலிருந்து மண் சிட்டி விளக்குகள் வந்தன. அடுத்த வீடு முஸ்லிம் வீடு. அந்த உம்மா சிட்டிகளைத் தன் வலப்பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, சட்டியில் பேரீச்சம்பழம் போட்டு அனுப்பினார். அந்த அக்கா எங்கள் பள்ளித் தாய்மாரில் ஒருவர்கூட இல்லை. அப்படிப் போகும் என்று நாங்கள் யோசித்திருக்கவில்லை.

சிறுவனின் வீட்டுக்குச் சட்டி போனது ஏழாவதாக. முதலிலேயே அனுப்பினால் அவனுக்காகச் செய்ததாகத் தெரியும், கடைசியில் அனுப்பினாலும் அப்படியே, அதனால் நடுவில் விட்டோம். அவன் கருவாடு கொண்டுபோனான். கடல் நல்லாக இருந்தபோது தாய் காயவைத்த கீரிமீன். அடுத்த வீடு, வரிசைப்படி, அந்தச் சிறுமியின் வீடு. வரிசையை மாற்றுவோமா என்று உடன் ஆசிரியை கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அன்று பின்னேரம் நானும் தாயோடு கூடப் போனேன். சிறுமியின் அப்பம்மா படலைக்கு வந்து மூடியைத் திறந்து, “அட, கீரிக் கருவாடு! எவ்வளவு நாளாச்சு. வா ராசா, உள்ள வா” என்றார். அவன் உள்ளே போகவில்லை. “படலையோட திரும்பச் சொன்னவ” என்று என்னைக் காட்டினான். ஆனால் மறுநாள் சிறுமி வகுப்பில் அந்தக் கருவாட்டைப் பற்றித்தான் பேசினாள்.

நின்றுபோன ஒன்பது நாள்

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சட்டி ஒரு வீட்டில் நின்றுவிட்டது. அந்த வீட்டுத் தாத்தா தவறிப்போனார்.

பிள்ளைகள் தினமும் கேட்டார்கள். இந்த வயதில் மரணத்தைப் பற்றி எவ்வளவு சொல்வது என்று நாங்கள் தயங்கினோம். முடிவில் நேராகச் சொன்னோம்: தாத்தா செத்துப்போனார், அந்த வீட்டில் எல்லாரும் கவலையாக இருக்கிறார்கள், அங்கே இப்போது அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலவர்கள்தான் சமைத்துக் கொடுக்கிறார்கள். உடனே பிள்ளைகள் தாங்கள் கண்டதைச் சொல்லத் தொடங்கினார்கள். “எங்கட அம்மா பெரிய கேத்தில்ல தேத்தண்ணி ஊத்தினவ.” “எங்கட கதிரை எல்லாம் அங்கதான் இருக்கு.” “எங்கட வாப்பா ஓட்டோவில ஆக்கள ஏத்தினவர்.” இந்தத் தடவை நான் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை, எண்ணவும் இல்லை.

ஒன்பதாம் நாள் அந்தப் பிள்ளையின் மாமா சட்டியைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். “துடக்கு ரீச்சர், இப்ப ஒண்டும் போட்டுவிட ஏலாது” என்றார், சங்கடத்தோடு. மூடியைத் திறந்து பார்த்த ஒருத்தி, “வெறுஞ்சட்டி குடுக்கக் கூடாதே” என்றாள். கதவோரத்தில் செருப்புக் கழற்றிக்கொண்டிருந்த அந்தச் சிறுவன் திரும்பாமலே சொன்னான்: “அவங்களுக்கு இப்ப ஏலாது. பிறகு தருவாங்க.”

கயிறு

இது எங்கள் திட்டத்தில் இல்லாதது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருநாள் சிறுவனின் தாத்தா பழைய வலைக்கயிறு ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டார். கரைவலை இழுக்க ஆள் குறைந்தால் கரையில் சும்மா நிற்பவரும் கயிற்றைப் பிடிப்பார், இழுத்தவருக்குக் கறிக்கு மீன் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். பிறகு வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைப் பாடி, இரண்டு வரிசையாக நிற்கவைத்து இழுக்கப் பழக்கினார். பாட்டின் அடிக்கு எல்லாரும் ஒன்றாக இழுத்தால்தான் கயிறு நகரும். கயிற்றைச் சுருட்டி வைக்கும் முறை அவனுக்கு மட்டும் தெரிந்திருந்தது. மற்றவர்கள் அவனைச் சுற்றி நின்று கேட்டார்கள்.

என்ன மாறியது, என்ன மாறவில்லை

வருட முடிவுக்குள் சட்டி 19 வீட்டில் 15 வீடுகளுக்குத்தான் போனது. ஒரு குடும்பம் கடைசிவரை விருப்பப்படவில்லை. நாங்கள் வற்புறுத்தவில்லை, அந்தப் பிள்ளை முன்பள்ளியில் சட்டியைக் கழுவித் துடைக்கும் வேலையை எடுத்துக்கொண்டது. மற்ற மூன்று வீட்டுக்கு நேரம் போதவில்லை.

வகுப்பில் ஏதாவது விழுந்தால் ‘ஸ்டார் தருவீங்களா’ என்ற கேள்வி நவம்பர் நடுவில் நின்றுபோனது. பிள்ளைகள் ஒருவரிடம் ஒருவர் உதவி கேட்பது கூடியதை உடன் ஆசிரியையும் கவனித்தார். முன்பெல்லாம் செருப்பு வாரைப் பூட்ட எங்களிடம்தான் வருவார்கள்.

சிறுவன் வட்டத்தில் பேசத் தொடங்க டிசம்பர் ஆனது. இப்போதும் அவன் வெள்ளத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று தாய் சொன்னார். அதற்கு எங்கள் சட்டி மருந்தாகும் என்று நான் நினைக்கவில்லை. சிறுமியின் தாயும் எங்களோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தங்கள் பிள்ளையைக் குற்றவாளியாக்கிவிட்டோம் என்று அவருக்கு மனவருத்தம். அது எங்கள் குறைதான். அவரிடமும் நேரத்தோடு போய், பிள்ளையில் பிழை இல்லை, கேட்ட என்னில்தான் பிழை என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு கிழமை கழித்துத்தான் சொன்னேன்.

அடுத்த முறை

பரிசு, அட்டவணை, எண்ணிக்கை எதுவும் இராது. தலைப்பைத் தொடங்க முன்பே எல்லா வீட்டுக்கும் ஒரு தடவை போய்வருவோம். அந்த ஒரு பின்னேரத்தில் நாங்கள் கண்டதை முதலே கண்டிருந்தால் அந்தக் கேள்வி என் வாயில் வந்திருக்காது. வெள்ளமோ வேறு கஷ்டமோ வந்து போன கையோடு, யார் உதவினீர்கள் என்று வகுப்பில் கேட்கமாட்டோம். பிள்ளைகளை மணலிலும் தண்ணீரிலும் விளையாட விடுவோம், சொல்ல விரும்புபவர் தாமாகச் சொல்லட்டும்.

சட்டியை ஜனவரியிலேயே தொடங்கிவிடுவோம், அவசரம் இராது. உதவி கேட்கவும் பழக்க வேண்டும் என்பதால் வாரம் ஒருநாள் முன்பள்ளியே அயலிடம் ஏதாவது கேட்கப் போகும். இந்த வருடம் முதல் கிழமை எங்கள் பள்ளியில் சுத்தியல் இல்லை என்று ஆறு பிள்ளைகளோடு எதிர்வீட்டுப் படலையில் நின்றோம். வீட்டு ஐயா சுத்தியலைத் தந்துவிட்டு, ஆணி இருக்கிறதா என்று கேட்டார். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். ஆணியும் இல்லை என்றேன்.